பெயருக்கு மட்டும் தூரிகை: தடித்த பிரஷ் எழுத்துருவைத் தேர்ந்து கையாளும் முறை

தருமபுரியில் பெயர்ப் பலகை வடிவமைக்கக் கேட்டு வருகிறவர்களிடம் எந்த மாதிரி எழுத்து வேண்டும் என்று கேட்டால், பாதிப் பேர் “கையால எழுதுன மாதிரி, நல்லா தடிப்பா இருக்கணும்” என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் கேட்பது தடித்த தூரிகை எழுத்துரு. ஃபிளெக்ஸ் கடைகளிலும் அச்சகங்களிலும் இதைப் பிரஷ் ஃபாண்ட் என்பார்கள். நன்றாக அமைந்துவிட்டால் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கும் கடையின் பெயர் ஒரே பார்வையில் மனத்தில் பதியும். அமையாவிட்டால் அதே பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். பலகை செய்யக் கொடுப்பவருக்கும் செய்து தருபவருக்கும் பயன்படும் என்று கருதி, இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரை மட்டும் தூரிகை எழுத்துருவில் வையுங்கள். முகவரி, தொலைபேசி எண், சரக்குகளின் பட்டியல் ஆகிய அனைத்தையும் சாதாரண நேர் எழுத்தில் வையுங்கள். பெயரில் சுழியுள்ள எழுத்துகள் இருந்தால், அச்சுக்கு அனுப்பும் முன் அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். இனி வருவதெல்லாம் இந்த மூன்றுக்குமான விளக்கமே.

தூரிகையின் தடம்

இந்த எழுத்துருவைப் பார்க்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர், கணினியைத் திறப்பதற்கு முன் கையால் எழுதிய ஒரு பழைய தகரப் பலகையின் முன்னால் போய்ச் சற்று நேரம் நிற்பது நல்லது. நான் வேலை கற்ற நாளில், கடைவீதியில் ஒரு முதிய ஓவியர் தகரப் பலகையில் ‘அதியமான்’ என்று எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாக்பீஸ் பொடி தேய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டி, மேல்கோடும் அடிக்கோடும் போட்டுக்கொண்டார். இடக்கையில் ஒரு கோலைப் பலகையின் மேல் சாய்த்துப் பிடித்து, வலக்கையின் மணிக்கட்டை அதன்மேல் ஊன்றிக்கொண்டார். பட்டைத் தூரிகையைப் பெயின்டில் தோய்த்து, டப்பாவின் விளிம்பில் இருபுறமும் வழித்துத் தட்டையாக்கிய பிறகே பலகையில் வைத்தார். அகரத்தின் சுழியில் பெயின்ட் தேங்கிக் கனமாக நின்றது. வளைவு திரும்பும் இடத்தில் தூரிகையின் பட்டை திரும்பியதால் கோடு மெலிந்து மறுபடி தடித்தது. கடைசி நெடுங்கோட்டின் முடிவில் கையைச் சட்டென்று தூக்கினார். மயிர்கள் பிரிந்து, அவற்றின் இடையே தகரத்தின் நிறம் தெரிந்தது. எந்தக் கோட்டின் மேலும் அவர் இரண்டாம் முறை போகவில்லை.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். ‘ன்’ எழுத்தின் சுழிகளை அவர் முழுவதுமாக மூடவில்லை. நூலிழை அளவு திறந்தே விட்டார். காரணம் கேட்டபோது, சுழியை மூடினால் பெயின்ட் இறங்கி உள்ளே அடைத்துக்கொள்ளும் என்றார். தடித்த எழுத்துருக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதில்தான் நினைவுக்கு வருகிறது. கணினியில் பெயின்ட் இறங்குவதில்லை என்றாலும், தூரத்திலிருந்து பார்க்கும் கண் சிறிய சுழியை அடைத்தே பார்க்கிறது.

தொடங்கும் இடத்தின் கனம், திரும்பும் இடத்தில் மாறும் தடிப்பு, தூக்கும் இடத்தின் கூர்மை அல்லது சிதறல் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது தூரிகை எழுத்துரு. எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பில் ஓடி, முனைகள் மட்டும் உருண்டிருந்தால் அது மார்க்கர் பேனாவின் எழுத்து. அதுவும் அழகுதான், ஆனால் கையின் வேகம் அதில் தெரியாது. கருவி எழுத்தின் உடலை எவ்வளவு மாற்றுகிறது என்பதைப் பார்க்க நம் ஊரிலேயே வாய்ப்பு இருக்கிறது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களின் வட்டெழுத்தை ஊன்றிப் பாருங்கள். உளி வெட்டிய கோடு தடித்தும் மெலிந்தும் போவதில்லை. வளைவில் மட்டுமே எழுத்தின் உயிர் இருக்கிறது. அங்கிருந்து வெளியே வந்து ஒரு கையெழுத்துப் பலகையைப் பார்த்தால், தூரிகை நம் எழுத்துக்குக் கொடுத்தது என்ன என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது பிரஷ் ஸ்கிரிப்ட் என்ற எழுத்துருதான். அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் ஸ்மித் என்பவர் 1942இல் அதை வடிவமைத்தார். அதன் சிறிய எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து ஓடும். ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி வார்ப்பு என்பதால், அடுத்தடுத்த வார்ப்புகளின் கோடுகள் இடைவெளி தெரியாமல் பொருந்தும்படி செய்வது மிகவும் நுட்பமான வேலை. பிரான்சில் ரொஜெர் எக்ஸ்கோஃபோன் 1953இல் தம் கையெழுத்தை ஒட்டி மிஸ்திரால் என்ற எழுத்துருவையும், 1955இல் அதைவிடப் பன்மடங்கு கனமான ஷோக் என்ற எழுத்துருவையும் தந்தார். தடித்த தூரிகை என்று சொல்லும்போது என் கண்ணில் நிற்பது ஷோக்தான். அதில் கோடுகளின் கனம் எழுத்தின் உள்வெளியை ஏறக்குறைய விழுங்கிவிடும் எல்லை வரை போய், அங்கே நின்றுவிடுகிறது.

தமிழுக்கு வரும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. தமிழ் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ஆங்கிலத்தில் இணைப்புக் கோடு தரும் ஓட்டத்தை இங்கே சாய்வும் கோட்டின் முடிவும்தான் தர வேண்டும். ‘ப’ எழுத்தின் வலப்பக்கக் கோடு மேலே போய் முடியும் இடம் அடுத்த எழுத்தை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். ‘ர’ எழுத்தின் கால் கீழே இறங்கும்போது முன்னே ஓடுவது போல் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்து, தமிழ் எழுத்துகளுக்கு இடையே வலிந்து இணைப்புக் கோடு போட்ட சில எழுத்துருக்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் துணைக்கால் எது, இணைப்பு எது என்று கண் தடுமாறுகிறது. அவற்றை நான் எந்த வேலைக்கும் எடுப்பதில்லை.

ஊர்ப் பெயர்களால் சோதித்தல்

எழுத்துருவை விற்பவர்கள் காட்டும் மாதிரிச் சொற்கள் அந்த எழுத்துருவுக்கு வசதியான சொற்களாகவே இருக்கும். ‘தமிழ்’, ‘அம்மா’, ‘வணக்கம்’ போன்றவை எந்த எழுத்துருவிலும் ஓரளவு அழகாக வந்துவிடும். நான் சோதிப்பது நம் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கொண்டு.

முதல் சொல் ‘கிருஷ்ணகிரி’. இதில் மேல்விலங்கு என்னும் இகரக் குறி மூன்று முறை வருகிறது, ‘ரு’ ஒரு முறை வருகிறது, கிரந்த ‘ஷ்’ அதன் புள்ளியோடு வருகிறது, அதை ஒட்டி மூன்று சுழி ‘ண’ நிற்கிறது. தடித்த எழுத்துருக்களில் பல இந்த ஒரே சொல்லில் தோற்றுவிடுகின்றன. ‘ஷ்’ கறுத்த கட்டியாகி, ‘ண’ அதன்மேல் ஏறி, நடுவில் ஒரு திட்டுபோல் தெரியும். இரண்டாவது சொல் ‘காவேரிப்பட்டணம்’. டகரங்கள் அடுத்தடுத்து வரும்போது அவற்றின் நேர்கோணங்கள் தூரிகை எழுத்தில் விறைப்பாக நிற்கின்றனவா, சற்றே வளைந்து கொடுக்கின்றனவா என்பதை அதில் பார்க்கலாம். ‘சூளகிரி’யில் ‘சூ’ எழுத்தின் வால் அடுத்த ‘ள’ எழுத்தின் மேல் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ‘தேன்கனிக்கோட்டை’யில் இரட்டைக்கொம்பு, துணைக்கால், ஐகாரக் குறி, புள்ளி எல்லாம் ஒரே சொல்லில் கூடுவதால், குறிகளுக்கும் எழுத்துகளுக்கும் தடிப்பு ஒத்துப்போகிறதா என்பது தெரிந்துவிடும். ‘ஐகுந்தம்’ எழுதிப் பார்த்தால் ‘ஐ’ எழுத்தின் உள்வளைவுகள் அடைபடுகின்றனவா என்று தெரியும்.

அதியமான் ஊர் என்பதால் நம் மாவட்டத்தில் ஔவையின் பெயரைக் கடைக்கும் பள்ளிக்கும் ஆசையோடு வைக்கிறார்கள். ‘ஔவை’ என்ற சொல் எழுத்துருவுக்கு ஒரு கடுமையான தேர்வு. ‘ஔ’ ஒரே எழுத்து. ‘ஒ’, ‘ள’ என்று தனித்தனியாகத் தட்டினால் வருவது வேறு. நல்ல எழுத்துருவில் ‘ஔ’ எழுத்தின் வலப்பகுதி தனி ளகரத்தைவிடச் சிறியதாக, மேலே ஒட்டி அமைந்திருக்கும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் படிப்பவர் ‘ஒளவை’ என்று படிப்பார். அத்தகைய எழுத்துருவில் ‘அவ்வை’ என்று எழுதிக்கொள்ளலாமா என்று வாடிக்கையாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஊர்ப் பெயருக்கும் இந்தக் கேள்வி உண்டு. ‘தருமபுரி’யா ‘தர்மபுரி’யா என்பதை எழுத்துரு தேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவதில் ‘ரு’ எழுத்தின் அடிவளைவுக்கு இடம் வேண்டும். இரண்டாவதில் ‘ர்’ எழுத்தின் புள்ளி தெளிவாகத் தெரிய வேண்டும்.

புள்ளியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தூரிகை எழுத்தில் புள்ளி என்பது தூரிகையை ஒரு முறை ஒற்றி எடுப்பது. அது சரியான வட்டமாக இருக்காது. சற்றுச் சாய்ந்த விதைபோல் இருக்கும். அதன் அகலம் எழுத்தின் முதன்மைக் கோட்டின் தடிப்புக்கு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். சிறுத்தால் தூரத்தில் மறைந்துவிடும். பெருத்தால் அடுத்த எழுத்தின் மேல்விலங்கோடு சேர்ந்துவிடும். ‘ம்பி’, ‘ன்றி’ போன்ற சேர்க்கைகளைத் தட்டிப் பார்த்தால் இது புரியும். புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

என் வேலையில் நேர்ந்த ஒரு தவறு சுழியால் வந்தது. ‘கண்ணன்’ என்ற பெயருக்கு ஒரு தூரிகை எழுத்துருவைத் தேர்ந்தேன். அது போதிய தடிப்பாக இல்லை என்று வாடிக்கையாளர் சொன்னதால், எழுத்தைச் சுற்றி அதே நிறத்தில் அவுட்லைன் கொடுத்துக் கனமாக்கினேன். திரையில் பெரிதாகப் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. ஃபிளெக்ஸ் மாட்டியபின், அவருடைய பள்ளிக்கூடம் போகும் மகள் கீழே நின்று ‘கன்னன்’ என்று படித்தாள். மூன்று சுழியில் ஒன்று அடைந்து, டண்ணகரமும் றன்னகரமும் ஒன்றாகிவிட்டிருந்தன. என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். கணக்கு எளிமையானது. 2 மில்லிமீட்டர் அவுட்லைன் கொடுத்தால் அது கோட்டின் விளிம்புக்கு வெளியே 1 மில்லிமீட்டரும் உள்ளே 1 மில்லிமீட்டரும் பரவும். 4 மில்லிமீட்டர் அகலமுள்ள சுழியின் உள்வெளி இருபுறமும் குறைந்து 2 மில்லிமீட்டராகிவிடும். ஆகவே எழுத்துருவைச் செயற்கையாகத் தடிப்பாக்காதீர்கள். தடிப்பு வேண்டுமானால் தடிப்பாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேடுங்கள்; அதை வரைந்தவர் சுழிகளைத் திறந்து வைத்திருப்பார்.

கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில், தாரிக் அசீஸ் வடிவமைத்த கவிவாணர் சாய்ந்த கையெழுத்துப் பாங்கில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரே தடிப்புத்தான் உண்டு. அழைப்பிதழுக்கும் சிறு தலைப்புக்கும் அது ஏற்றது, பெரிய பலகைக்குக் கனம் போதாது. ஏக் டைப் குழுவினரின் பலூ தம்பி 2 எழுத்துருவில் ஐந்து தடிப்புகள் உள்ளன. அது முழுத் தூரிகை எழுத்தன்று, உருண்டு திரண்ட எழுத்து. என்றாலும் தடித்த நிலையிலும் சுழிகள் அடைபடாமல் இருப்பதால், கடினமான பெயர்களுக்கு நான் அதை எடுப்பதுண்டு. இவ்விரண்டும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவதால் கடைப் பலகைக்கும் பொட்டலத்துக்கும் தடையின்றிப் பயன்படுத்தலாம். இணையத்தில் கிடைக்கும் வேறு பல பிரஷ் எழுத்துருக்கள் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருகின்றன. வணிகப் பலகைக்கு அவற்றை எடுப்பது அவற்றை வரைந்தவரின் உழைப்பைக் கேட்காமல் எடுப்பதாகும். விலை கொடுத்து வாங்குங்கள்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

வேகமும் உற்சாகமும் கையின் உழைப்பும் தெரிய வேண்டிய இடத்தில் தூரிகை எழுத்துரு பொருந்தும். உணவகம், பழக்கடை, நிப்பட்டு, முறுக்கு போன்ற பலகார வகைகள், விளையாட்டுக் குழு, திருவிழா நோட்டீஸின் தலைப்பு ஆகியவை இதற்கு உரியவை. கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சிக்கு அரங்கு போடுகிறவர்கள் ‘மாங்கனி’ என்ற ஒரே சொல்லைத் தூரிகையில் பெரிதாக வைத்தால் அதுவே போதும். ‘மா’, ‘ங்’, ‘க’, ‘னி’ ஆகிய நான்குமே தூரிகைக்கு இசைந்த எழுத்துகள்.

மாம்பழக்கூழ் டப்பாவின் லேபிளிலும் பெயருக்குத் தூரிகை நன்றாக இருக்கும். ஆனால் நிகர எடை, விலை, தயாரித்த மாதம், உட்பொருள்கள் ஆகியவற்றைச் சாதாரண எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள், 2011, எண்களுக்குக் குறைந்தபட்ச உயரத்தை வகுத்திருக்கின்றன. அந்தச் சிறிய அளவில் தூரிகை எண்களில் 3, 5, 8 மூன்றும் ஒன்றுபோல் தெரியும். தொலைபேசி எண்ணைத் தூரிகையில் போடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். வண்டியின் பின்கண்ணாடியில் பெயரைத் தூரிகை ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ளலாம். பதிவெண் பலகையில் அலங்கார எழுத்துக்கு மோட்டார் வாகன விதிகள் இடம் தருவதில்லை.

மருத்துவமனை, வழக்கறிஞர் அலுவலகம், நிதி நிறுவனம் ஆகியவற்றுக்கு யார் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். அங்கே வருபவர் நிதானத்தை எதிர்பார்த்து வருகிறார். கண்ணீர் அஞ்சலிப் பலகைக்கும் இது ஆகாது. துக்க வீட்டின் முன்னால் வேகமாகச் சாய்ந்து ஓடும் எழுத்து மனத்தை உறுத்துகிறது. அங்கே நேரான, மெலிந்த எழுத்தே மரியாதை.

இரண்டு மொழிகளில் பெயர் வரும்போது கூடுதல் கவனம் வேண்டும். கடைப் பலகைகளில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பதும், தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற அளவில் இடம் தர வேண்டும் என்பதும் அரசின் விதி. ஓசூர் பக்கம் கன்னடமோ தெலுங்கோ சேர்ந்து வரும். மூன்று மொழியையும் தூரிகையில் போட்டால் பலகை இரைச்சலாகிவிடும். தமிழைத் தூரிகையில் வைத்து, மற்றவற்றை நேர் எழுத்தில் வைப்பது விதிக்கும் கண்ணுக்கும் ஒத்துவரும். ஆங்கிலமும் தூரிகையில்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டால், இரண்டின் சாய்வையும் கோட்டின் தடிப்பையும் ஒப்பிட்டுப் பொருத்துங்கள். ஆங்கிலத்தை முழுவதும் பெரிய எழுத்துகளில் மட்டும் தட்டாதீர்கள். இணைந்து ஓடும்படி வரையப்பட்ட எழுத்துருவில் பெரிய எழுத்துகள் சொல்லின் தொடக்கத்துக்கு மட்டுமே உரியவை. அடுத்தடுத்து வைத்தால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

பழமைத் தோற்றம் கேட்பவர்களும் உண்டு. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் இருந்த, தும்பிக்கை போன்ற ஐகாரக் குறியுடைய ‘லை’, ‘னை’ ஆகியவற்றைப் பழைய பாணித் தூரிகை எழுத்துருக்கள் சிலவற்றில் காணலாம். எடுத்தால் பலகை முழுவதும் பழைய வடிவத்தையே எடுங்கள். ஒரு சொல்லில் பழையதும் அடுத்ததில் புதியதும் வந்தால் அது பிழையாகத்தான் தெரியும்.

அளவும் அமைப்பும்

எழுத்தின் உயரத்தைத் தூரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகைத் தொழிலில் வழங்கும் கணக்கு. அது ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் சொன்னது. தமிழில் சுழிகளும் குறிகளும் அதிகம் என்பதால், தடித்த தூரிகைக்கு நான் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்கிறேன். கடைவீதியில் எதிர்வரிசை நாற்பது அடி தூரத்தில் இருந்தால் ஆறு அங்குலம் வேண்டும். மேல்விலங்கையும் கீழ்வாலையும் சேர்க்காமல், ‘ப’ எழுத்தின் உயரத்தை மட்டுமே இந்தக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலையில் கணக்கு வேறு. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகத் தொப்பூர் நோக்கிப் போகும் சாலையில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. படிப்பதற்கு மூன்று நொடியாவது வேண்டுமானால், 66 மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 217 அடிக்கு முன்பே பெயர் தெளிய வேண்டும். மேற்சொன்ன கணக்குப்படி அதற்கு 33 அங்குல எழுத்து தேவை. இருபது அடிப் பலகையில் அந்த உயரத்தில் ஒரு சொல்தான் கொள்ளும். தாபா வைத்திருப்பவர் பெயரோடு ‘சைவ அசைவ உணவகம்’ என்பதையும் தூரிகையில் கேட்டால், இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள், ஒப்புக்கொள்வார்.

வரிகளுக்கிடையே தமிழுக்குப் போதிய இடம் விடுங்கள். மேலே மேல்விலங்கும் புள்ளியும், கீழே ‘ழ’, ‘ஞ’, ‘ரு’ எழுத்துகளின் இறக்கமும் இருப்பதால், இரண்டு வரிகள் வந்தால் எழுத்தளவைப் போல் 1.3 மடங்குக்குக் குறையாமல் வரி இடைவெளி வேண்டும். எழுத்துகளுக்கிடையே செயற்கையாக இடைவெளி கூட்டாதீர்கள். ஆங்கிலத்தில் இணைப்பு அறுந்துபோகும், தமிழில் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாக நிற்கும். எழுத்துரு சாய்வாக இல்லையென்றால் மென்பொருளின் சாய்வுப் பொத்தானை அழுத்திச் சாய்க்காதீர்கள். அது எழுத்தைத் தள்ளிவிடுகிறதே தவிரத் தூரிகை சாய்ந்து எழுதியதுபோல் ஆக்குவதில்லை. வளைவுகளில் தடிப்பு இடம் மாறிவிடும். வேகம் வேண்டுமானால் சொல் முழுவதையும் ஐந்து டிகிரி அளவுக்கு மேல்நோக்கிச் சுழற்றி வையுங்கள். அது கையால் எழுதும்போதும் இயல்பாக வருவது.

அவுட்லைன் ஒன்று, நிழல் ஒன்று. அதற்கு மேல் போகாதீர்கள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று சுற்று அவுட்லைன் கொடுக்கும் பழக்கம் ஃபிளெக்ஸ் வேலையில் நிறைந்திருக்கிறது. தூரிகை எழுத்தின் உயிர் அதன் முனைகளில் இருப்பதால், ஒவ்வொரு சுற்றும் அந்த முனைகளை மழுங்கடித்து, கடைசியில் மேகம்போல் ஓர் உருவத்தை மட்டும் விட்டுவைக்கிறது.

கோப்பு தயாரித்தல்

நம் பக்கத்து அச்சகங்களில் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. தூரிகை எழுத்துருக்களிலும் பல அந்த வகையே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பெயர் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். யூனிகோடு எழுத்துருவாக இருந்தாலும், வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிராவின் பழைய பதிப்புகளில் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதுண்டு. எனவே அச்சுக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவங்களாக மாற்றிவிடுங்கள். மாற்றாத மூலக் கோப்பைத் தனிப் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துத் தொலைபேசி எண் மாறிவிட்டது என்று வாடிக்கையாளர் நிச்சயம் வருவார்.

கர்வ்ஸாக மாற்றியபின் செய்ய வேண்டிய, பலரும் விட்டுவிடும் ஒரு வேலை வெல்ட், அதாவது தனித்தனி உருவங்களை ஒன்றாக இணைப்பது. இணைந்து ஓடும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும். ஒரே நிறத்தில் நிரப்பினால் அது தெரியாது. அவுட்லைன் கொடுத்ததும் ஒவ்வொரு மூட்டிலும் எழுத்தின் உள்ளே குறுக்குக் கோடு ஓடும். ஸ்டிக்கர் கட்டிங்கில் இது இன்னும் மோசம். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமான பிளாட்டரின் கத்தி அந்தக் குறுக்குக் கோட்டையும் வெட்டிவிடுவதால், உரிக்கும்போது எழுத்து மூட்டு மூட்டாகக் கழன்று வரும். எல்லா எழுத்துகளையும் தேர்ந்து வெல்ட் செய்தால் சொல் ஒரே உருவமாகும். வெல்ட் செய்தபின் சுழிகள் அடைபட்டிருக்கின்றனவா என்று மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

முனைகளில் மயிர் பிரிந்த தடம் தெரியும் எழுத்துருக்கள் ஃபிளெக்ஸுக்கும் அச்சுக்கும் அழகாக வரும். அவற்றை ஸ்டிக்கர் கட்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். ஒரு முறை லாரியின் முகப்புக்கு அப்படி ஓர் எழுத்தை வெட்டினேன். ஒரு ‘ர’ எழுத்தின் வாலில் மட்டும் அரிசி நுனி அளவில் எண்ணற்ற துண்டுகள்; ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பாதி நாள் போயிற்று, ஒட்டியபின் மீந்த துண்டுகளும் காற்றிலும் மழையிலும் விரைவில் உதிர்ந்தன. வினைல் ஸ்டிக்கருக்கும், உலோகத்தில் வெட்டும் எழுத்துக்கும், கிரானைட்டில் பொறிக்கும் எழுத்துக்கும் விளிம்பு வழுவழுப்பான தூரிகை எழுத்துருவே ஏற்றது.

எல்லாம் முடிந்தபின், முழுப் பலகையையும் அச்சிடும் முன் பெயரை மட்டும் உண்மையான அளவில் சாதாரணத் தாளில் துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்டி, கடையின் முகப்பில் பலகை வரப்போகும் உயரத்தில் மாட்டிப் பாருங்கள். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். உச்சி வெயிலில் ஒரு முறையும், விளக்கு போட்ட பிறகு ஒரு முறையும் பாருங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது சுழிகள் இன்னும் சுருங்கும். பெயரை முன்பே அறியாத ஒருவரை அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நின்று யோசித்தால், எந்த எழுத்தில் தயங்கினார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு கணினிக்குத் திரும்புங்கள்.